கடைசித் தொட்டிக் காரல்

மரிவிக்கின் புருஷனுக்கு அவர்கள் போட்ட விலை எண்பதாயிரம் பெசோ.

விலையைக் கொண்டுவந்தவன் வார்டு கவுன்சிலர் தாதோ. திங்கட்கிழமை காலை, மீன் ஏலம் முடிந்து நான் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் சனங்களுக்கும் நடுவே போய்வருவதுதான் அவன் பிழைப்பு; இரண்டு பக்கமும் காப்பிக் காசு வாங்கிக்கொள்வான். செத்துப்போன ரோடெலின் பெண்டாட்டி மரிவிக் கேஸை வாபஸ் வாங்குவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், பணம் சாயங்காலமே கைக்கு வந்துவிடும் என்றான். அவளிடம் நேரே சொல்லக் கூசி என்னிடம் வந்திருந்தான். அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் ‘மாரே’ என்று கூப்பிட்டுக்கொள்வோம்.

“யோசிச்சுச் சொல்லுங்க பெலிங் அக்கா. எண்பதுன்னா சும்மாவா?”

“முதல் விலையே எண்பதா?”

“ஆமா.”

“யாரும் பேரம் பேசாமலே?”

“அவங்களுக்கு நல்ல மனசுக்கா.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அம்மா மணிலாவில் துணி மொத்த வியாபாரத் தெருவில் பேரம் பேசியே ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். நான் இந்த சான் எலியாஸ் மீன்பிடித் துறையில் முப்பது வருஷமாகத் தரகு. கேட்கும் முன்பே விலை உயரமாக வந்தால், வாங்க வந்தவன் எதற்கோ பயப்படுகிறான் என்று அர்த்தம். போன மாதம்வரை மரிவிக்கை ஸ்டேஷன் வாசலிலிருந்து லத்தியைக் காட்டி விரட்டியவர்கள் இவர்கள்.

“அவங்களுக்கு எதுக்குடா இவ்வளவு பயம்?” என்றேன்.

தாதோ நான்கு பக்கமும் பார்த்தான். “புதுசா ஒரு அரசு வக்கீல் வந்திருக்காரு. மூடிக் கிடந்த ஃபைலைத் திரும்ப எடுத்துட்டாராம். வெள்ளிக்கிழமை விசாரணை. ஆனா சாட்சி ஒண்ணுகூட இல்லியே அக்கா? ஆளில்லன்னா மூடிடுவாரு. மூடினதுக்கப்புறம் எண்பது சென்டாவோ சில்லறைகூட வராது, பாத்துக்கோங்க.”

அவன் பேசியதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் கலப்படமில்லாத சரக்கு.

ரோடெல் எங்கள் துறையில் மீன் தொட்டி தூக்கியவன். புனிதன் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வேலைக்குக் கண் விழிக்க ஒரு காலத்தில் போதைப்பொடி புகைத்தான். பெயர் கொடுத்தால் மன்னிப்பு என்று அரசாங்கம் சொன்னபோது, வார்டு ஆபீசுக்குத் தானே நடந்து போய்ப் பெயர் கொடுத்து, வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி, அவர்கள் கொடுத்த பன்னையும் ஜூஸையும் வாங்கிக்கொண்டு வந்தான். எங்கள் சனங்கள் வரிசையில் நின்று செய்த தப்பு அது. பெயர் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினோம். பெயர் இருந்ததால்தான் தேடி வந்தார்கள்.

ஆகஸ்ட் மாதம், பொழுது விடிகிற நேரத்தில், ஐஸ் ஃபேக்டரிச் சுவரோரம் மூன்று போலீஸ்காரர்கள் அவனைச் சுட்டார்கள். ‘சந்தேக நபர் துப்பாக்கியால் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட நேர்ந்தது’ என்று அறிக்கை வந்தது. எங்கள் ஸ்டேஷன் அறிக்கைகளில் சாகிறவர்கள் எல்லாரும் முதலில் சுடுகிறவர்கள். எல்லாருக்கும் குறி தப்பிவிடும். இத்தனை பேர் சுட்டும் இதுவரை ஒரு போலீஸ்காரரின் சட்டைப் பொத்தான்கூட அறுந்ததில்லை.

அந்த நேரத்தில் துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் விசாரித்தபோது அத்தனை பேரும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்களாம். நான் நிஜமாகவே கிடங்குக்குள் இருந்தேன். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ரோடெலோடு ஜோடி போட்டுத் தொட்டி தூக்குகிற சிசோகூட, “நான் காப்பி குடிக்கப் போயிருந்தேன்” என்றுவிட்டான். அன்றிலிருந்து இடது காலை நொண்டுகிறான். காப்பி குடிக்கப் போனவன் காலில் என்ன விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மரிவிக் தன் கடையில் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். விலையைச் சொன்னேன். கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“அவ்வளவு இருந்தா பையனை ஹைஸ்கூல் முடிக்க வச்சிடலாம். வாங்கினா தப்பா மாரே?”

“தப்பில்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் இருக்கேன்.”

“நீ என்ன நினைக்கிற?”

“சரக்கு உன்னோடது. நான் தரகு. வந்த விலையைச் சொல்லிட்டேன்.”

“தரகு எவ்வளவு எடுப்ப?” என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. “பள்ளிக்கூடத்துல பசங்க இவனைத் ‘துப்பாக்கி’ன்னு கூப்பிடுறாங்களாம். அப்பன் சுட்டான்னு பேப்பர்ல வந்துச்சு இல்ல. அதுகூடப் பரவாயில்ல மாரே. கூப்பிட்டா இவனும் திரும்பிப் பாக்குறான். தன் பேருன்னே நினைச்சிட்டான்.” இறால் கையைப் பாவாடையில் துடைத்தாள். “ரோடெல் கையில அவங்க வச்ச துப்பாக்கியை எடுக்கணும். அரசாங்கத் தாள்லயே எழுதி எடுக்கணும். அது வரைக்கும் விலை பேசாதேன்னு சொல்லிடு.”

அன்று சாயங்காலம் மாதா கோயில் அலுவலகத்தில் வக்கீல் சர்மியெந்தோவைப் பார்த்தேன். இலவசமாக வழக்கு நடத்துகிற சின்ன வயசுப் பெண், சாப்பிட மறந்துபோகிறவள், புத்தி கத்தி. பார்த்தவர்கள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேராவது, என்றாள்.

“அவங்க என் காதுல சொல்லி, நான் வந்து சொன்னா?”

“உங்க காது கோர்ட்டுல செல்லாதுக்கா. எனக்கு அவங்க வாய்தான் வேணும்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “ஆனா ஆள் இருக்காங்களா, என்ன பாத்தாங்கன்னு தெரிஞ்சாலே பாதி வேலை. பாதுகாப்புக்கு மனு போடலாம். இப்ப இருட்டுல கல்லு எறிஞ்சிட்டு இருக்கேன்.”

நான் நேரே போய்க் கேட்டிருப்பேன். தடையாக இருந்தது ‘கஞ்சி சார்’. போலீஸ் கார்ப்பரல் லிபோரியோ என்பது அரசாங்கம் அவருக்கு வைத்த பெயர். அரை டிராயரும் பனியனுமாக, கஞ்சிக் கடை பெஞ்சில் காலை முழுக்க உட்கார்ந்திருப்பார். மரிவிக் கடைப் பக்கம் யார் இரண்டு வார்த்தை அதிகம் பேசினாலும் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பார். படம் எடுக்கப்பட்ட ஒருவன் வீட்டுக்கு மறுநாளே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, “சும்மா விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார்கள். அதற்குப் பிறகு மரிவிக்கிடம் இறால் வாங்குகிறவர்கள்கூட விலை கேட்காமல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் படம் எடுக்காத ஒரே இடம் என் காது.

எங்கள் துறையில் சத்தம் போட்டு ஏலம் விடுவதில்லை. வாங்க வந்தவர் ஒவ்வொருவராக என்னிடம் வந்து, கையைக் குவித்து, விலையை என் காதுக்குள் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். ஒருவர் கேட்ட விலை அடுத்தவருக்குத் தெரியாது. ஐஸ் உடைக்கிறவர்களும் தொட்டி தூக்குகிறவர்களும்கூடச் சில நாள் சில்லறையாக விற்க ஒரு தொட்டி கேட்பார்கள். எல்லாரும் சொன்ன பிறகு ஜெயித்தவர் பெயரையும் அவர் விலையையும் மட்டும் உரக்கச் சொல்வேன். தோற்ற விலை ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. விட்டிருந்தால் என்னை நம்பி ஒரு படகும் மீன் இறக்காது. அப்பனும் மகனும் ஒரே தொட்டிக்கு என் காதில் போட்டி போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அவர்கள் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும், அன்றைக்குச் சுவர்ப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்தவர்கள் விலை சொல்ல வந்தபோது, விலையை வாங்கிக்கொண்டு என் வாயை அவர்கள் காதுக்குக் கொண்டுபோனேன்.

“வெள்ளிக்கிழமை விசாரணை. ரோடெல் விழுந்ததைப் பாத்திருந்தா வியாழக்கிழமை கடைசித் தொட்டிக்கு வா. விலை சொல்லாத. பாத்ததைச் சொல்லு. பாக்கலன்னா வராத.”

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. தன்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். சிலர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சிசோ நொண்டிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை கடைசித் தொட்டி காரல் மீன். நசுங்கிய, கண் வெளுத்த, பூனையும் இரண்டு தடவை யோசிக்கும் காரல். உப்பில் ஊறப்போட்டு விற்கிறவர்களுக்கு மட்டும் ஆகும். இருந்தாலும் நாற்பது கிலோ. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். இரண்டு பேர் வருவார்கள், மூன்று பேர் வந்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி என்று நினைத்திருந்தேன்.

முதலில் ஐஸ் உடைக்கிற ஒருத்தி வந்தாள். “நில்லுன்னுகூடச் சொல்லலக்கா. வந்தாங்க, சுட்டாங்க.” உதட்டைச் சுழித்து, விலை கட்டாது என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே விலகினாள். என்ன நடிப்பு!

அடுத்து ஒரு ஜீப் டிரைவர். “சுட்டு முடிச்சப்புறம் ஒருத்தன் வண்டியில இருந்து துணி சுத்தி ஏதோ கொண்டாந்து கைகிட்ட வச்சான். அப்புறம்தான் யாரும் கிட்ட வராம சுத்திக் கயிறு கட்டினாங்க.”

அதற்கடுத்து மீன் ஊறல் வியாபாரி ஈசிங். காரல் என்றால் அவள்தான் ராணி. தொட்டியைப் பார்த்து உண்மையாகவே விலை கேட்க வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் விலை சொல்லவில்லை. “‘சார், எனக்குச் சின்னப் பையன் இருக்கான்’னான். அவ்வளவுதான் பெலிங். அதுக்கு மேல பேச விடல.”

வந்துகொண்டே இருந்தார்கள். நான் கூப்பிட்டவர்களும் வந்தார்கள், கூப்பிடாதவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்; யார் சொல்லி வந்தார்கள் என்று மாதாவுக்குத்தான் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் மீனுக்கு வந்திருக்கிறார், நான் மட்டும்தான் இதற்கு வந்திருக்கிறேன் என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

பதினாறாவதாக சிசோ.

“ரெண்டு பேரும் தொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டிருந்தோம் அக்கா. அவனோட ரெண்டு கையும் கைப்பிடியில இருந்துச்சு. சுட்டதும் விட்டுட்டான். முழுத் தொட்டியும் என் கால்மேல விழுந்துச்சு. நான்... நான் காலை இழுத்துக்கிட்டு ஓடிட்டேன்.”

அவன் விலகியதும் வெளிச்சம் மறைந்தது. கஞ்சி சார் நின்றுகொண்டிருந்தார்.

“என்னக்கா, காரலுக்கு இவ்வளவு கூட்டம்? தங்கத்தை முழுங்கியிருக்கா?”

தொட்டியில் ஒரு மீனைப் புரட்டிப் போட்டேன். “மீன் தட்டுப்பாடு சார். வாங்கறதா இருந்தா நீங்களும் காதுல சொல்லணும்.”

குனிந்தார். இஞ்சியும் பூண்டும் வாசம். எல்லாம் தெரிந்துவிட்டது, பெயர்களைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அம்பது பெசோ,” என்றார். “போலீஸ் விலை.” தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூட்டத்தில் தொட்டிக்கு விலை என்று ஒன்றைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். ஏலம் முடித்தாக வேண்டும். வேறு யார் பெயரையாவது சொன்னால் முப்பது வருஷத்தில் முதல் பொய். தாமதித்தால் அவருக்குச் சந்தேகம். நாற்பது கிலோ மீனுக்குப் படகுக்காரனுக்குச் சொந்தக் காசைக் கொடுக்க வேண்டியதுதான் என்று மனசை ஆற்றிக்கொண்டு கத்தினேன்.

“கடைசித் தொட்டிக் காரல்! லிபோரியோ சார்! அம்பது பெசோ!”

தொட்டி தூக்கியவர்கள் பாதி வழியில் இறக்கி வைத்தார்கள். ஐஸ் அரைக்கிற மெஷினைக்கூட யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

எங்கள் சனங்களுக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், மீன் விலை தெரியும். ஆயிரத்து ஐந்நூறு பெறுமான தொட்டி ஐம்பதுக்கு முடிந்தது என்றால், அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை பேர் காதில் சொன்னார்களே, விலையைச் சொல்லவில்லை என்றால் என்னத்தைச் சொன்னார்கள்? கண்கள் மெதுவாகத் திரும்பின. டிரைவர் ஐஸ்காரியைப் பார்த்தான். ஐஸ்காரி ஈசிங்கைப் பார்த்தாள். காரலை ஐந்நூறுக்குக் கீழே இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த சரித்திரமே இல்லாத ஈசிங், தன் கூடையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள்.

நான் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. விலை விட்டுவிட்டது.

இது எதுவும் தெரியாத ஒரே ஆள், லாபத்தில் பூரித்துப்போய், “யாராவது தூக்கி வண்டியில வைங்கடா” என்றார். ஒருவரும் நகரவில்லை. அவரே குனிந்து ஒரு கையால் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மீன் தண்ணீர் செருப்பில் கொட்டியது.

சிசோ நொண்டிக்கொண்டே முன்னால் வந்தான். தொட்டியின் எதிர்ப்பக்கம் நின்றான்.

“ரெண்டு கையும் வேணும் சார்,” என்றான். அவன் குரலை நான் இவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை. “ஒரு கையால தூக்க முடியாது. செல்போனைப் பைக்குள்ள போடுங்க. இதைத் தூக்கும்போது கையில வேற எதையும் பிடிக்க முடியாது, சார். எதையுமே.”

கஞ்சி சார் செல்போனைப் பைக்குள் போட்டார். இரண்டு கையாலும் பிடித்தார். மூச்சு வாங்க, சிசோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஐஸ் ஃபேக்டரிச் சுவரோரமாகவே நடந்தார். பாதி தூரம் போனதும் அவர் முகம் மாறியது. அர்த்தம் புரிந்ததா, முதுகு பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈசிங்தான் முதலில் வாயைத் திறந்தாள். காதில் அல்ல, ஊருக்கே கேட்கிற மாதிரி.

“ஏய் பெலிங்! உன்னை மாதிரி நஷ்டக்காரியை நான் பாத்ததே இல்ல. நாளைக்கு அரசு வக்கீல் ஆபீசுக்கு ஜீப்பு எத்தனை மணிக்கு?”

“ஏழு மணி,” என்றான் டிரைவர். “என் ஜீப்புதான். பெட்ரோல் காசு வேணாம்.”

“ஒரு நாளாவது காசு வேணாம்னு சொன்னியே, இதுக்கே ஒரு பூசை வைக்கணும்!” என்று யாரோ கத்த, மூன்று மாதமாக அந்தத் துறையில் கேட்காத சிரிப்பு கேட்டது. மரிவிக் இறால் கடையிலிருந்து எழுந்து நின்று, என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ்காரி அவளிடம் நடந்து போனாள், நட்ட நடுவே, மறைக்காமல்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் பத்துப் பேர் ஏறினார்கள். ஆபீசில் நாற்காலி போதவில்லை. வக்கீல் சர்மியெந்தோ எங்களை வாசலில் எண்ணினாள், மறுபடி எண்ணினாள், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

அரசு வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சம்பவத்தப்ப எல்லாரும் முதுகைக் காட்டிட்டு நின்னதா போலீஸ் அறிக்கையில இருக்கே?”

“திரும்பிட்டோம் சார்,” என்றாள் ஈசிங்.

சிசோ வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். கையெழுத்தையும் போட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் தேனாக ஓடவில்லை. டிரைவரின் ஜீப் கண்ணாடியில் கல் விழுந்தது. சிசோ ஆறு வாரம் கோயில் மாடியில் தூங்கினான். ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரு வீட்டுக்கு வந்தால், பத்து வீட்டிலும் தட்டும் சட்டியும் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சத்தத்தில் விசாரிக்க முடியாது போலிருக்கிறது, வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் உத்தரவு வந்தது. மூன்று போலீஸ்காரர்கள் மீதும் கொலை வழக்கு, ஜாமீன் கிடையாது. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: ‘இறந்தவர் கையில் ஆயுதம் இருந்ததாக நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.’ மரிவிக் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் கொடுத்தாள். வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். டீச்சர் படித்தாராம், இரண்டு தடவை.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாதம் ஒரு நாள் ஜீப்பில் போய்வருகிறோம். இன்றைய நிலவரம் இது. காதில் சொன்னவர்கள் பதினாறு பேர். கையெழுத்துப் போட்டவர்கள் பத்து; அந்தப் பதினாறில் போன மாதம் தானாக வந்து சேர்ந்தவர் ஒருவர்; ஆகப் பதினொன்று. பயந்து பெண்டாட்டி ஊருக்குக் குடிபோனவர் ஒருவர். அவரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன், குறை சொல்ல மாட்டேன். மீதி நாலு பேர் கோர்ட்டில் சொல்ல வேண்டியது பாக்கி. போலீஸ்காரர் மூன்றில் சிறையில் இரண்டு. தலைமறைவாக ஒன்று, அதுவும் பாக்கி.